சுபேதாரின் மீசை

1

இந்தக் கதை எனக்குக் கண் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. நானாகத் தேடிப் போகவில்லை. மதுரையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, "மூடியே வச்சிருங்க, கூப்பிடுவோம்" என்று ஒரு பெஞ்சில் எங்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாளுக்கும் அதே மருந்து, அதே உத்தரவு. கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பது லேசான காரியமில்லை. பேச ஆரம்பித்தோம். பெயர் கண்மணி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், வளர்ந்ததெல்லாம் கொடைக்கானல். நான் கதை எழுதுகிறவன் என்று சொன்னதும் அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தது பெஞ்சு ஆடியதில் தெரிந்தது. பிறகு குரல் வந்தது.

"எங்கப்பா ஒரு சிப்பாய்க்கு மீசை வரையப் போயி, எங்கள எல்லாம் விட்டுட்டு ஓடப் பாத்தாரு. எழுதுறீங்களா?"

எழுதுகிறேன் என்றேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியைப் போனில் கேட்டு வாங்கினேன், பல தடவை. ஆகவே இதில் பாதி அவர் சொன்னது, பாதி நான் கட்டியது. எது எது என்று கேட்காதீர்கள். திரும்பத் திரும்ப எழுதியதில் எனக்கே கலந்துவிட்டது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

மலையை மூடியிருந்த பனி மெல்ல விலகியபோது, தூரத்தில் ஒரு

(நிறுத்திவிட்டேன். கொடைக்கானல் என்றால் பனியை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டுமா? அங்கே குடியிருப்பவர்கள் பனியை ரசிப்பதில்லை. துணி காயவில்லையே என்று திட்டுகிறார்கள்.)

இரண்டாவது:

சுபேதார் குதிரையை விட்டு இறங்கினார். எரியும் கோட்டையைப் பார்த்தபடி மீசையைத் தடவிக்கொண்டு

(காலாட்படைச் சுபேதாருக்குக் குதிரை ஏது? தவிர, இந்தச் சுபேதார் கதையில் ஓரடிகூட நடக்கப்போவதில்லை. மார்புக்குக் கீழே அவருக்கு உடம்பே கிடையாது.)

மூன்றாவது:

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், கொடைக்கானல் மின்சார இலாகாவில் மீட்டர் ரீடராக இருந்த சேனாதிபதிக்கு வலது கை விழுந்தது.

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

[குறிப்பு: பட்டாளத்துக்காரனின் சிலையைச் செய்கிறவனுக்குச் சேனாதிபதி என்று பெயர் வைத்தது என் குறும்பு என்று நினைப்பீர்கள். இல்லை. பழனிக் குடும்பம். முருகனின் பேரில் வைத்த பெயர். மாற்றிப் பார்த்தேன், ஞானவேல் என்று ஒரு முழுப் பிரதி எழுதினேன். கண்மணி டீச்சர் போனில் வாசிக்கக் கேட்டுவிட்டு, "இது யாரு புதுசா?" என்றார். திரும்ப மாற்றிவிட்டேன்.]

3

சேனாதிபதியின் வீட்டார் பழனி அடிவாரத்தில் யாத்ரீகர்களுக்கு அறை விடுகிறவர்கள். மூட்டை முடிச்சோடு வருகிறவர்களையும் மொட்டைத் தலையோடு போகிறவர்களையும் பார்த்தே வளர்ந்த பையன், பள்ளிக்கூடம் முடித்து மின்சார இலாகாவில் சேர்ந்தார். மலைக்கு மாற்றினார்கள். மனைவி சண்முகவள்ளியையும் மகள் கண்மணியையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார்.

வேலை, பங்களா பங்களாவாகப் போய் மீட்டர் பார்ப்பது. தோளில் ஒரு பை, கையில் ஒரு டார்ச். மீட்டர் பெட்டியை யாரும் வெளிச்சத்தில் வைப்பதில்லை. மாடிப்படிக்கு அடியில், விறகு அறையில், குளிர்காலக் கம்பளிகள் தொங்கும் அலமாரிக்குப் பின்னால். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு பங்களாவில் சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்காலி போயிற்று, பியானோ போயிற்று. யாரும் கேட்காமல் ஒரு மரப்பெட்டி கிடந்தது. சேனாதிபதி திறந்து பார்த்தார். மூடி போட்ட புட்டிகளில் வெள்ளையும் சிவப்பும் நீலமுமாக வர்ணப் பொடிகள், தூரிகைகள், எண்ணெய், அடியில் பழைய காலத்துப் படையாட்களின் உடுப்புகளைக் காட்டும் படப்புத்தகம் ஒன்று. பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்.

அந்தப் புத்தகம் ஆளையே மாற்றிவிட்டது. அதுவரை ஓய்வு நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர், மாடியில் இருந்த சின்ன அறையைப் பட்டறையாக்கினார். அய்யம்பாளையத்தில் இருந்த சொந்தக்காரர் மருதாநதிக் கரைக் களிமண்ணை ஈரச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். மண்ணில் தலையையும் மார்பையும் வனைவார். அதன் மேல் பிளாஸ்டரை ஊற்றி அச்சு எடுப்பார். அச்சுக்குள் திரும்ப பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் வெளி அச்சைத் தட்டித் தட்டி உடைப்பார். உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு ஆள் வெளியே வருவான். பிறகு வர்ணம். முதலில் ஒரு முரசுக்காரன், அப்புறம் ஒரு பீரங்கிக்காரன். இரண்டுக்கும் மூக்கு சரியாக அமையவில்லை. அதன்பிறகுதான் சுபேதார்.

புத்தகத்தில் அவருக்குப் பெயரில்லை. கீழே 'மதராஸ் காலாட்படை, சுபேதார்' என்பதோடு சரி. உயரத் தொப்பி, சிவப்புக் கோட்டு, மார்பில் குறுக்காக வெள்ளை வார், காதுவரை ஏறிய மீசை. படத்தில் அவர் பக்கவாட்டில் திரும்பி நிற்பார். இடது பக்கம் மட்டும்தான் தெரியும். வலது பக்கத்துக்கு என்ன செய்வது?

(இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. டீச்சர் எனக்கு ஒரு பக்கத்தைத்தான் காட்டினார். மறுபக்கத்தை நானும்தான் வனைந்துகொண்டிருக்கிறேன். ஆனால் இதையே பேசிக்கொண்டிருந்தால் கதை நகராது.)

சேனாதிபதி வலது பக்கத்தை ஊரிலிருந்து எடுத்தார். பெருமாள்மலை டீக்கடைக்காரரின் காது. ஒரு போஸ்ட்மேனின் கன்ன எலும்பு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பூண்டு கொண்டுவரும் பேத்துப்பாறை நல்லசாமியின் தாடை.

"என்ன சார், பூண்டப் பாக்காம எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"நல்ல தாடைங்க உங்களுக்கு."

"இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க" என்று நல்லசாமி அன்றைக்கு ஒரு பிடி பூண்டு கூடப் போட்டாராம்.

சண்முகவள்ளிக்கு இதெல்லாம் வேடிக்கை. "யாருன்னே தெரியாத ஆளு. அவருக்கு இம்புட்டு உபசாரமா? எனக்கு ஒரு நாளாவது எந்தாடை எப்பிடின்னு சொல்லியிருக்கீங்களா?" என்பாள். அவர் திரும்பி அவள் முகத்தை உற்றுப் பார்ப்பார். "ஐயோ சாமி, என்னைச் செலையாக்கிறாதீங்க" என்று அடுப்படிக்கு ஓடுவாள்.

4

குளிருக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வெள்ளைப் பொடியைக் கொட்டி, எண்ணெய் விட்டு அரைப்பார். அறை முழுவதும் பொடி மிதக்கும். தும்முவார், மறுபடி அரைப்பார். வார் வெள்ளை, முகத்தின் நிறத்துக்கும் வெள்ளை கலந்தாகவேண்டும். கோட்டுக்குச் செந்தூரச் சிவப்பு. எல்லாவற்றையும்விட நேரம் பிடித்தது மீசைதான். பூச்சாகப் பூசினால் அட்டை ஒட்டியதுபோல் இருக்கும் என்று ஒவ்வொரு முடியாக இழுத்தார். வெளிச்சம் படும் முடிகளுக்கு வெள்ளை கலந்த சாம்பல். ஒவ்வொரு இழைக்கும் முன்னால் தூரிகையை உதட்டில் வைத்து, நாக்கால் ஒரு சுழற்று. நுனி ஊசியாகிவிடும்.

"ஒதட்டப் பாருங்க, சாம்பலத் தின்ன கணக்கா!" என்று சண்முகவள்ளி முந்தானையால் துடைத்துவிடுவாள்.

மழைக்காலம் பூராவும் இப்படிப் போயிற்று. வயிற்றை அடிக்கடி பிடித்து இழுத்தது. ஓமத்தண்ணி குடித்தார். வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டது. மலைக் குளிர் என்றார். ஆள் வெளிறிப் போனார். அதற்கும் மலைக் குளிர் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மீசையின் வலது நுனிக்குத் தூரிகையைத் தூக்கியவரின் கை, மணிக்கட்டில் மடிந்து தொங்கியது. தூரிகை சுபேதாரின் கோட்டின் மேல் விழுந்து உருண்டது. மரத்துப் போயிருக்கும் என்று உதறிப் பார்த்தார். விரல்கள் மடங்கின. ஆனால் கையைத் தூக்கி நிமிர்த்த முடியவில்லை. மறுநாள் ஒரு பங்களாவில் டார்ச்சைப் பிடித்தபோது, வெளிச்சம் மீட்டரில் நிற்காமல் கீழே வழுக்கி, தரையில் கிடந்த செருப்புகளின் மேல் விழுந்தது.

[குறிப்பு: படிக்கிறவர்களில் வைத்தியர்கள் யாரும் இருந்தால் இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள். சேனாதிபதிக்குத் தெரிவதற்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.]

5

அவருக்கு உடனே ஞாபகம் வந்தது பெரியப்பா.

அப்பாவின் அண்ணன் வேலப்பன். யாத்ரீகர்களுக்கு அறை காட்டுகிறவர், கலகலவென்று பேசுகிறவர். சேனாதிபதிக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பெரியப்பாவின் கையில் ஒரு தேமல் வந்தது. அப்புறம் விரல்கள் மடங்கின. அப்புறம் அவருக்குத் தனித் தட்டு, கொல்லையில் தனி இடம். ஒரு நாள் காலையில் ஆளைக் காணோம். தேடவேண்டாம் என்று வீட்டில் யாரோ சொன்னார்கள், யாரும் தேடவில்லை. அத்தைக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம், செய்தி கசிந்ததும் நின்றுபோயிற்று. அதன்பிறகு அந்த வீட்டில் வேலப்பன் என்கிற பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்போது சேனாதிபதி தன் கையைத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. எப்போதிலிருந்து என்று யோசித்தார். தெரியவில்லை. தெரியாததே பயத்தைக் கூட்டியது.

(இந்த இடத்தில் எனக்கு இவர் மேல் சந்தேகம் வந்தது. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குள் போய் மீட்டர் பார்க்கிறவர். கையை ஒரு டாக்டரிடம் காட்ட என்ன? நம்பும்படியாக இல்லையே என்று கண்மணி டீச்சரிடமே கேட்டேன். "டாக்டர் சொல்லிட்டா அது நெசமாயிரும்ல" என்றார். "சொல்லாத வரைக்கும் அப்பாவுக்கு மட்டுந்தான தெரியும்.")

அவர் தனித் தட்டில் சாப்பிட ஆரம்பித்தார். தானே கழுவி வைத்தார். படுக்கையை மாடி அறைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையைக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தார். எழுத வேண்டியதை இடது கையால் கிறுக்கினார். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து கையைப் பிடிக்கிற மகளிடம், "தள்ளிப் போ தாயி, அப்பாவுக்குச் சளி" என்றார். கண்மணிக்கு அப்போது வயது பன்னிரண்டு. சளி பிடித்தவர் ஒரு தடவைகூடத் தும்மவில்லையே என்று அவள் யோசித்தாளாம்.

சண்முகவள்ளி வேறு கணக்குப் போட்டாள். அவளுடைய அம்மா பக்கத்தில் ஒருவர் இப்படித்தான் மெல்ல மெல்ல ஒதுங்கி, கடைசியில் காவி கட்டிக்கொண்டு பழனிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். இவரும் அதற்குத்தான் அடிபோடுகிறாரோ? இல்லை, பெருமாள்மலைப் பக்கம் அடிக்கடி மீட்டர் பார்க்கப் போகிறாரே, அங்கே யாராவது? நேராகவே கேட்டாள்.

"எவளாச்சும் இருக்காளா?"

அவர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பைப் பார்த்து, எவளாவது இருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியதாம்.

6

முதல் பிரதியில் சேனாதிபதி உருக்கமாக ஒரு கடிதம் எழுதி சுபேதாரின் அடியில் வைத்துவிட்டுப் போகிறார். அடித்துவிட்டேன். இடது கையால் அவ்வளவு நீளம் எழுத முடியாது. உண்மையில் அவர் எதையும் வைக்கவில்லை. வெள்ளனே எழுந்து, கண்மணி பள்ளிக்கூடம் போனதும், "பெருமாள்மலையில சோலி இருக்கு" என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பைக்குள் இரண்டு வேட்டி. செங்கல்பட்டுப் பக்கம் தொழுநோய்க்காரர்களை வைத்துக்கொள்கிற இடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். வத்தலக்குண்டு பஸ், அங்கிருந்து திண்டுக்கல், அங்கிருந்து ரயில். மகளின் கல்யாணப் பேச்சு வரும்போது, அப்பன் ஓடிப்போய்விட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம். அது இதைவிடப் பரவாயில்லை என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

அவர் போன பிறகு சண்முகவள்ளி வீட்டைக் கூட்டினாள். ஜன்னல் விளிம்பில் டார்ச் கிடந்தது.

டார்ச் இல்லாமல் எந்த மீட்டரைப் பார்க்கப் போகிறார்?

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தாள். பஸ் போய்விட்டது. பின்னாலேயே உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. டிரைவர் மலைச்சாமி தெரிந்த ஆள்தான். நடு ரோட்டில் நின்று கையை விரித்தாள்.

"ஏக்கா, என்னக்கா, சாகப் பாக்குறியா?"

"வெரசா போ தம்பி. முன்னால போற பஸ்ஸ புடிக்கணும்."

"இது கெழங்கு லாரிக்கா. பிளஷர் காரு இல்ல."

"அப்ப கெழங்கு மாதிரியே ஏறிக்கிறேன்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

7

பெருமாள்மலையில் பஸ் டீக்கு நிற்கும். அன்றைக்கும் நின்றது. லாரியிலிருந்து இறங்கிய சண்முகவள்ளி நேராக பஸ்ஸுக்குள் ஏறினாள். கூட்டிக்கொண்டிருந்த கோலத்திலேயே வந்திருந்தாள், புடவையைத் தூக்கிச் செருகியபடி. சேனாதிபதி கடைசிக்கு முந்தின சீட்டில் ஜன்னலோரம் இருந்தார்.

"தள்ளி உக்காருங்க."

"நீ எதுக்கு வந்த?"

"நீங்க எங்க போறீங்களோ அங்கதான். தள்ளுங்க."

அவர் தள்ளவில்லை. அவள் இடித்துத் தள்ளி உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்த கையை இழுத்தாள்.

"தொடாத வள்ளி."

"ஏன்?"

"தொடாதன்னா தொடாத."

கை வெளியே வந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து தொங்கியது. அவள் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். "பெரியப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சு."

சண்முகவள்ளிக்கு அந்தப் பெரியப்பாவைத் தெரியாது. ஆனால் கல்யாணமான புதிதில் அவருடைய அத்தை ஒருமுறை கிசுகிசுத்திருந்தாள். தொங்கிய கையை மறு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

(என் முந்தைய பிரதியில் இங்கே அவள் அழுகிறாள். நன்றாக வந்திருந்தது, ஒன்றரைப் பக்கம். டீச்சர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்கம்மாவா? நல்லாருக்கே." ஒன்றரைப் பக்கமும் போயிற்று.)

"யாரு சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்."

"நீங்க என்ன டாக்டரா? மீட்டரு பாக்கத்தான தெரியும்?"

"கையப் பாத்தேல்ல? இதுக்கு மேல டாக்டர் என்ன சொல்லணும்?"

"அத அவுக சொல்லட்டும். அப்பிடியே இருந்தாலும், இருந்துட்டுப் போகுது. கூடத்தான இருக்கப்போறோம். தனித் தட்டுன்னா எனக்கும் ஒரு தனித் தட்டு போடுங்க. அதுக்கு எதுக்கு பஸ்ஸு?"

"கண்மணிக்கு நாளைக்கு..."

"நாளைக்கு வர்றவன் உங்க கையக் கட்டிக்கவா வாரான்?"

டீ குடித்துவிட்டு ஏறியவர்கள் எல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். கண்டக்டர் வந்து நின்றார்.

"அம்மா, நீங்க ஏறுறீங்களா, சார் எறங்குறாரா? ஏதாச்சும் ஒண்ணு சொன்னா விசில் ஊதலாம்."

சேனாதிபதி அவளைப் பார்த்தார். விழுந்த கை அவளுடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது. அதை அவள் விடுகிற மாதிரித் தெரியவில்லை.

"எறங்குறோம்" என்றார்.

8

டாக்டரை நான் முதலில் வெள்ளைக்கார அம்மாளாக எழுதியிருந்தேன். மலை, மிஷன், வெள்ளைக்கார டாக்டரம்மா என்று எழுதத் தானாகவே வந்துவிடுகிறது. இல்லை, நாகர்கோவில் பக்கத்து அம்மாள், சரியான முன்கோபி என்றார் டீச்சர். நல்லதாயிற்று. எனக்கு முன்கோபிகளை எழுதப் பிடிக்கும்.

டாக்டரம்மா கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நிமிர்த்தச் சொன்னார். நிமிரவில்லை. விரல்களை மடக்கச் சொன்னார். மடங்கின.

"கண்ண மூடுங்க. தொட்டா சொல்லுங்க."

பஞ்சைத் திரித்துத் தேமலின் மேல் இழுத்தார்.

"தொடுறீங்க."

"இப்ப?"

"தொடுறீங்க. கூசுது."

அடுத்து, சொல்லாமலே ஊசியால் ஒரு குத்து.

"ஆ!" என்று அலறினார் சேனாதிபதி.

"வலிக்கா?"

"வலிக்குதுங்க!"

"நல்லா கத்தும். அந்த வியாதின்னா குத்துனாலும் தெரியாது, இது நீரு நெனைக்கிற வியாதி இல்ல. இது வெறும் தேமல், ஒரு களிம்பு தடவினா போயிரும்."

அவருக்குப் புரியவில்லை. சண்முகவள்ளிக்குப் புரிந்துவிட்டது. "இன்னொரு வாட்டி குத்துங்கம்மா" என்றாள். டாக்டரம்மா குத்தினார். அவர் மறுபடி அலறினார். அவள் சுவரில் சாய்ந்து மூச்சை விட்டாள். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு.

"அப்ப கை ஏன் விழுந்தது?" என்றார் சேனாதிபதி.

"வாயைத் திறயும்."

ஈறுகளில், பல்லை ஒட்டி, மையால் கோடு போட்டதுபோல ஒரு கருநீல வரி ஓடியது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வயித்து வலி உண்டா? கட்டிக்கிடுமா?"

"உண்டுங்க. மலைக் குளிருன்னு..."

"குளிரு மேல பழியப் போடாதயும். பெயிண்ட் அடிக்கிற வேலையா?"

"இல்லீங்க. மீட்டரு பாக்குறேன்."

"பொய் சொல்லக் கூடாது."

"சத்தியமா மீட்டர்தாங்க. பெயிண்ட்டு எல்லாம் சோலி இல்ல. சும்மா, பொழுதுபோகலைன்னா..."

"பொம்ம பண்ணுவாருங்கம்மா" என்று சண்முகவள்ளி குறுக்கே புகுந்தாள். "பழைய காலத்துப் பட்டாளத்து ஆளுங்க. வெள்ளப் பொடிய அரைச்சு அரைச்சுப் பூசுவாரு. மீசைக்கு ஒரு மயிருக்கு ஒரு வாட்டி பிரஷ்ஷ வாயில வச்சுச் சப்புவாரு. எத்தன நாளு ஒதட்டத் தொடச்சிருக்கேன்!"

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். முன்கோபி என்று சொன்னேனே, அவர் சிரித்தார்.

"அந்த வெள்ளையில காரீயம் இருக்குவே. சிவப்புலயும் இருக்கு. அரைக்கும்போது மூக்கு வழியா போயிருக்கு. மீதிய நீரே நக்கியிருக்கீரு. கொஞ்சங் கொஞ்சமா சேந்து நரம்பப் புடிச்சிருக்கு. இன்னையோட நிறுத்தும். ஊசி போடுவோம், கைக்கு அடியில ஒரு பலகை வச்சுக் கட்டுவோம். வந்துரும்."

"கை வந்துருமா?"

"வரும். மாசக்கணக்குல ஆகும்."

அவர் தலையாட்டினார். எழுந்து நின்றார், உட்கார்ந்தார். பிறகு, "அந்த வியாதியாவே இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"மாத்திரை இருக்கு. வீட்டுல இருந்தே தின்னலாம். எவரும் எங்கயும் ஓடவேண்டாம்."

அப்போதுதான் சேனாதிபதி அழுதார். சண்முகவள்ளி அவர் முதுகில் கையை வைத்தாள். பிழைத்த சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அதுவும் இருந்திருக்கும். ஆனால் வெகு காலம் கழித்து மகளிடம் அவர் சொன்னது வேறு. "அந்த நிமிசம் பெரியப்பா மொகந்தான் தாயி தெரிஞ்சுது. அவருக்கு இப்பிடி ஒரு ஆளு பஸ்ஸுல ஏறலியே."

9

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்றில், சேனாதிபதி வர்ணப் புட்டிகளையெல்லாம் மலை விளிம்பிலிருந்து எறிகிறார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கீழே ஓடையும் ஓடைத் தண்ணீரைக் குடிக்கிற ஊர்களும் இருக்கின்றன. உண்மையில் ஆஸ்பத்திரிக்காரர்களே ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்களாம்.

இன்னொன்றில், அவர் பெரியப்பாவைத் தேடிப் போய்க் கண்டுபிடித்து வீட்டுக்கு அழைத்து வருகிறார். இதை எழுத எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. அவர் தேடியது உண்மைதான். கை தேறியதும் முதல் காரியமாக அதைத்தான் செய்தார். திருச்சிப் பக்கத்தில் அந்த நோய்க்காரர்களுக்கான ஒரு விடுதியில் விசாரித்தபோது, வேலப்பன் அங்கே பல வருஷம் இருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் படுக்கும் இடம் காட்டுகிற வேலையைப் பார்த்து, சேனாதிபதி மலைக்கு மாற்றலாகி வந்த வருஷத்தில் காலமாகிவிட்டார் என்று சொன்னார்கள். திரும்பி வந்து, பழனி வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, அந்தப் பெயரை உரக்கச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். அவருடைய அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அத்தை மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணன் அங்க வேற என்ன பண்ணாகளாம்? சொல்லு" என்றாள்.

மூன்றாவதில், கை தேறவே இல்லை. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. கதை என்றால் யாருக்காவது ஏதாவது போகவேண்டும் என்று ஒரு பழக்கம். கிழித்துவிட்டேன். கை தேறியது. முதலில் நடுவிரல் நிமிர்ந்தது, அப்புறம் மணிக்கட்டு. ஒரு நாள் அடுப்படியில் சண்முகவள்ளி தோசைக்கரண்டியைக் கீழே போட, அவர் குனிந்து எடுத்து நீட்டினார். எந்தக் கையால் நீட்டினார் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள்.

சுபேதாரின் மீசை வலது பக்கம் பாதியிலேயே நின்றது. அதற்குப்பிறகு சேனாதிபதி மண்ணோடும் பிளாஸ்டரோடும் நிறுத்திக்கொண்டார். நிறைய ஆட்களைச் செய்தார். எல்லாரும் வெள்ளையாகவே இருந்தார்கள்.

10

முடித்துவிட்டேன் என்று டீச்சரிடம் சொன்னேன். "ஒண்ணு விட்டுட்டீங்க" என்றார்.

அப்பாவை பஸ்ஸிலிருந்து இறக்கிய அன்றைக்குக் கண்மணி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு திறந்து கிடந்தது. நடுவீட்டில் துடைப்பம். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும்போது இரண்டு பேரும் ரோட்டில் வந்தார்கள். அம்மாவின் தலையில் ஏதோ காட்டுப்பூ. அப்பாவின் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. எதைச் சொல்லியோ இருவரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் நிற்பது, சிரிப்பது, மறுபடி நடப்பது. ஆஸ்பத்திரியில் அவர்களை மத்தியானத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. அங்கிருந்து வீட்டுக்குக் கால்மணி நேர நடை.

"எங்க போனீங்க?" என்று கேட்டதற்கு, "சும்மா" என்றாள் அம்மா. அப்பா மகளைத் தூக்கிவிட்டார், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, ஒற்றைக் கையால். கடைசி வரைக்கும் இரண்டு பேரும் அந்தப் பகலைப் பற்றிச் சொல்லவே இல்லை.

"நீங்கதான் கதை எழுதுறவராச்சே. என்ன நடந்திருக்கும், எழுதுங்க பாப்போம்" என்றார் டீச்சர்.

உட்கார்ந்து பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் சண்முகவள்ளி நின்று

இல்லை.

ஏரிப் பக்கம் திரும்புகிற இடத்தில் அவர்

இதுவும் இல்லை. யாரும் பார்க்காத ஒரு நாளை அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் உள்ளே போகப்போவதில்லை. உங்களுக்கு வேண்டுமானால் போய்ப் பாருங்கள். ரோடு திறந்துதான் இருக்கிறது, நல்ல வெயில், இரண்டு பேரும் இப்போதுதான் படியிறங்கி வருகிறார்கள். சண்முகவள்ளி புடவைச் செருகலை இப்போதுதான் கவனித்து இறக்கிவிடுகிறாள். சேனாதிபதி என்னவோ சொல்ல வாயைத் திறக்கிறார்.